புழுவும் புலியும்

உலக வழக்கில் ஒருவனைப் புகழ வேண்டின் ‘அவன் புலி’ என்பர். இகழ வேண்டின் ‘அவன் ஒரு புழு’ என்பர். இலக்கணத்தில் வல்லாரை இலக்கணப்புலி யென்றும், கணக்கில் வல்லாரைக் கணக்கிற்புலி யென்றும் கூறுதல் நம்மனோர்க்கு இயல்பாயிற்று. எளியானொருவனைப் புழுவினுங் கடையாக நடத்தினர் என்பதும் நாடோறும் நம் செவியில் விழும் மொழியே. இவ்வாறு பேசுவோருட் பலர் சைவர். எல்லா உயிரும் இறைவனுக்கு அடிமையென்று நூல்களில் ஓதியவர். ஓதுவது ஒன்றும் பேசுவது ஒன்றுமாதல் என்னை? புலி உயர்ந்தது, புழு தாழ்ந்தது என்னும் எண்ணம் சித்தாந்தத்துக்கு உடன்பாடாமோ? இனி அதனை மறுதலையாக்கி, புலி கொல்லுதலாற் பாவமுடையது, புழு கொல்லாமையாற் புண்ணியமுடையது எனக் கொள்ளின், அதுவேனும் பொருந்துமோ? இவ்விரு வினாக்களையும் ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண் இரண்டன் உடம்புகளையும் நோக்குவாம். புழு வென்பது பலவகைச் சிற்றுயிர்களுக்குப் பொதுப்பெயர். அவற்றுள் யாவரும் அறிந்ததும், பண்டையோர் நாங்கூழ் என வழங்கியதுமாகிய மண்புழுவை ஈண்டு எடுத்துக்கொள்வாம். அதற்கு எலும்பில்லை, காலில்லை, கண்ணுஞ் செவியும் இல்லை. மூச்சுவிடுதற்கு நுரையீரலும் இல்லை. ஈரம் பொருந்திய தோலே அதற்கு மூச்சுக்கருவி. அத்தோல் உலருமாயின் உயிர் நீங்கும். ஆண்மையும் பெண்மையும் ஓருடம்பிலேயே அமைந்துள்ளன. டார்வின் என்னும் ஆங்கில நாட்டு அறிஞர் இப்புழுவின் இயல்பைப் பல்லாண்டு ஆராய்ந்து 1881-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதனருகே இசைக்கருவிகளை முழக்கியபோது அஃது ஒன்றும் அறிந்திலது. அதனை வைத்திருந்த மண்சாடியைப் பியானோவின்மேல் ஏற்றி இசைத்தபோதோ, அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஒடுங்கிற்று. கண்ணில்லையாயினும் ஒளி படுதலை உணர்ந்தது. உதிர்ந்த இலையை வளைக்குள் இழுக்குங்கால், எளிதிற் செல்லும் பக்கத்தையே பெரும்பாலும் பற்றி இழுத்தது. இவற்றைக் கண்டு, இச்சிற்றுயிர்க்கும் ஒருவகை அறிவுண்டென அவர் துணிந்தார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் இப்புழுக்களின் உடம்பினூடே சென்று மேலே வருகின்றது என்பதும் அவர் கணக்கு.

புலியோ இதற்கு முற்றும் வேறானது. ஐம்பொறிகளும் அதற்கு நிரம்பியுள்ளன. இருளிற் காணவல்ல கண்ணும், மெல்லிய ஒலியையும் ஓர்ந்தறியுஞ் செவியும், வேண்டும்போது வெளிப்பட்டு வேண்டாதபோது உள்ளொடுங்கும் நகமும், ஓசையின்றி நடக்கும் அடியும் அதற்கு இயற்கையில் அமைந்தன. ஒரு புலியின் உடல்வரி மற்றொரு புலிக்கு இராது. பெரும்பாலும் தனித்து வாழ்வது. தாய்ப்புலி குட்டிகளை ஏறக்குறைய ஈராண்டு உடன்வைத்து வேட்டை பயிற்றுவது. வளர்ந்த புலியொன்று ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு பெரிய விலங்கைக் கொன்றாலன்றி உடம்பு தாங்காது. அதன் பல்லும் குடலும் ஊனுணவுக்கென்றே அமைந்தவை.

தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களை அறிவின் வகையாற் பகுத்து, மெய்யுணர்வொன்றே உடைய புல் மரம் முதலாக, மனனுணர்வும் உடைய மக்கள் ஈறாக ஆறு வகை கூறினார். அவ்வகையில் புலி ஐயறிவுயிர். நாங்கூழோ ஊற்றுணர்வும் சுவையுணர்வும், சிறிதளவு நாற்றவுணர்வும் உடைத்தாகலின் இரண்டறிவுக்கும் மூன்றறிவுக்கும் இடைப்பட நிற்பது. பிறப்பு வகையால் நோக்கின், பழைய நூல்கள் புழுக்களை வெயர்வையிற் றோன்றும் சுவேதசத்துள் அடக்கின. நாங்கூழ் சிறு கூடமைத்து முட்டையிடுதல் இக்காலத்துத் தெளிவாயினமையின், அதனை அண்டசத்துள் வைத்து எண்ணுதலே நேரிது. புலி கருப்பையிற் பிறக்கும் சராயுசம். 84 நூறாயிரம் யோனி பேதங்களுள் ஊர்வன 11 நூறாயிரமும், நாற்காலன 10 நூறாயிரமும், மக்கள் 9 நூறாயிரமும் ஆமென்பது வழிவழிக் கணக்கு. இங்ஙனம் எவ்வகையாற் பகுப்பினும் இவ்விரண்டும் தம்முள் நெடுந்தொலைவில் நிற்பன. ஆயின் இப்பகுப்பெல்லாம் உடம்பையும் பொறியையும் பற்றியனவேயன்றி உயிரைப் பற்றியன அல்ல. வகை மாறினும், முட்டையிற் பிறந்ததெனினும் வெயர்வையிற் பிறந்ததெனினும், அவ்வுடம்பின் உள்நின்று அறியும் உயிர் மாறுதலில்லை.

ஈண்டு உலகாயதர் குறுக்கிட்டு, ‘உடம்பின் வேறாக உயிர் என ஒன்றில்லை, பூதங்கள் கூடிய கூட்டுறவின் வேறுபாடே புழுவும் புலியும்’ என்பர். உடம்பே அறிவாயின் பிணமும் அறிதல்வேண்டும் என்று நம் ஆசிரியன்மார் மறுத்தது யாவரும் அறிந்ததாகலின் அதனை விரிக்கின்றிலம். சமணர் கூற்றே இவ்விடத்து நுணுகி ஆராயத்தக்கது. உயிர் தான் எடுத்த உடம்பின் அளவிற்றாய் நிற்கும். சிற்றுடம்பிற் சுருங்கும், பேருடம்பில் விரியும் என்பது அவர் மதம். அவர் கொல்லாமையிற் சிறந்தவர்; எறும்புக்கும் இரங்குபவர்; அப்பெருமையை யாம் மறுத்திலம். ஆயினும் அவர் கூறியவாறு கொள்ளின், உயிர் சுருங்கியும் விரிந்தும் வேறுபடும் பொருளாய், அவ்வாறு வேறுபடும் பொருளெல்லாம் அழிவனவாதல் பற்றி, அழியும் பொருளாய் முடியும். ஆதலின் சித்தாந்தம் அதனை உடன்படாது. உயிர் வியாபகப் பொருள். அதன் வியாபகத்தை அனாதியே ஆணவமலம் மறைத்து நின்றது. அம்மறைப்பைச் சிறிது நீக்குதற் பொருட்டே இறைவன் தனு கரண புவன போகங்களைக் கூட்டுகின்றான். ஒத்த ஒளியுடைய இரு விளக்குகளை எடுத்து, ஒன்றை இரண்டு துளையுள்ள குடத்தினுள்ளும் மற்றொன்றை ஐந்து துளையுள்ள குடத்தினுள்ளும் வைத்தால், வெளிப்படும் ஒளியில் வேறுபாடு உளதாம்; விளக்கில் வேறுபாடு இன்று. புழுவிற்கும் புலிக்கும் உள்ள வேறுபாடு இத்துளைகளின் வேறுபாடே.

அற்றேல், அக்கருவிகளை வினைக்கீடாகவே இறைவன் கொடுத்தானாகலின், குறைந்த கருவி பெற்ற புழுவுயிர் மிக்க தீவினையுடையதென்றும், நிறைந்த கருவி பெற்ற புலியுயிர் குறைந்த தீவினையுடையதென்றும் பெறப்படுமன்றோ? எனின், அற்றன்று. ஓர் உடம்பு காட்டுவது அவ்வுடம்புக்கு ஏதுவாய் முகந்து கொள்ளப்பட்ட பிராரத்த வினையின் அளவையே; எஞ்சிக்கிடக்கும் சஞ்சிதத்தின் அளவையன்று. கடன்பட்டான் ஒருவன் இன்று செலுத்திய பணத்தைக் கண்டு, அவன் இன்னும் செலுத்தவேண்டிய கடன் இவ்வளவென்று அயலான் சொல்ல வல்லனோ? இன்று புழுவாய்க் கிடக்கும் உயிர் தன் கடனில் இறுதித் தவணையைக் கழிப்பதாதலும் கூடும். இன்று காட்டுக்கு அரசாய்த் திரியும் உயிர் மலைபோன்ற வினைச்சுமையை இன்னும் தொடாதிருத்தலும் கூடும். இன்னும் நாற்பிறப்பு எழுபிறப்பு என நூல்கள் எண்ணிய முறை, ஒருபடி ஏறி மறுபடி ஏறும் ஏணியென்று கருதற்க. மாணிக்கவாசக அடிகள் சிவபுராணத்தில் தாம் எடுத்து இளைத்த பிறவிகளை எண்ணுங்கால், புழுவை மரத்துக்கு முன்னும், கல்லைப் பாம்புக்குப் பின்னும் வைத்தனர். மக்களை அவ்வரிசையின் முடியில் வைத்திலர், நடுவில் வைத்தனர். அவர்க்குப் பின் பேயும் அசுரரும் முனிவரும் தேவரும் வருகின்றனர். ஏறுமுறை கூறுவதே கருத்தாயின் அவ்வாறு வையார். எல்லாம் இளைப்பே என்பதுதான் அவர் கூறவந்தது. தேவனாய்ப் பிறந்தும் இளைப்பு, புழுவாய்ப் பிறந்தும் இளைப்பு எனின், இடைநின்ற நாம் ஒன்றை மதித்து ஒன்றை இகழ்தற்கு என்ன உரிமையுடையோம்?

இனி இரண்டாம் வினாவை ஆராய்வாம். புலி நாடோறும் உயிர்க்கொலை செய்கின்றது; நாங்கூழோ மக்கிய இலையும் மண்ணும் உண்டு ஒருவர்க்கும் தீங்கு செய்யாது கிடக்கின்றது. ஆகலின் புலி பாவியும் புழு புண்ணியனும் ஆதல் வேண்டும் என்பாரும் உளர். விதியும் விலக்கும் அவற்றை உணர்ந்து ஒன்றைக் கொள்ளவும் ஒன்றைத் தள்ளவும் வல்லார்க்கே உரியன. கொல்லற்க என்று புலிக்கு எந்நூல் கூறிற்று? கூறின் அஃது யாங்ஙனம் உணரும்? உணர்ந்தாலும் வேறு எதனை உண்ணும்? புல்லை உண்டு உயிர்வாழும் குடல் அதற்கு அமைந்திலது. புழு கொல்லாமை நோற்றது என்பதும் அவ்வாறே பொருந்தாது. பல்லும் நகமும் இல்லாதது கொல்லாமை, கையில்லாதான் களவு செய்யாமை போல்வது. ஆகவே புலிக்குக் கொலைப்பாவமும் புழுவுக்குக் கொல்லாமைப் புண்ணியமும் ஏற்றுதல் நம் வழக்கை அவற்றின்மேற் சுமத்துவதாம்.

இதற்கு மெய்யாய் நிகழ்ந்ததொன்றைக் காட்டுவாம். வடநாட்டில் இமயத்தின் அடிவாரமாகிய குமாயூனில் சம்பாவத் என்னும் ஊரின் பெயரால் அறியப்படும் பெண்புலி ஒன்று, முதலில் நேபாளத்திலும் பின்னர்க் குமாயூனிலும் திரிந்து, 436 மக்களைக் கொன்றதாகக் கூறுவர். 1907-ஆம் ஆண்டில் சிம் கார்பெட் என்னும் வேட்டைவல்லார் அதனைச் சுட்டு வீழ்த்தினார். வீழ்ந்த புலியின் வாயைத் திறந்து நோக்கியபோது, வலப்பக்கத்து மேற்கோரைப்பல் பாதியளவும், கீழ்க்கோரைப்பல் எலும்பளவும் உடைந்திருக்கக் கண்டார். அஃது எப்போதோ யாரோ சுட்ட துப்பாக்கிக் குண்டினால் நேர்ந்த ஊறு. அதனால் தனக்கு இயல்பான இரையைக் கொல்லமாட்டாமையினாலேயே அது மக்களைக் கொல்லத் தலைப்பட்டது என்பது அவர் முடிபு. 1944-இல் வெளிவந்த தம் நூலில் இதனை அவர் எழுதினார். நானூற்றுவர்க்கு மேற்பட்டார் உயிரிழந்த அக்கொடுமைக்கு வேரைத் தேடிச் சென்றால், புலியின் நெஞ்சில் அன்று, மனிதன் கையில் அது காணப்படுகின்றது. தெரிந்து செய்யும் தீமை அவ்வரலாற்றில் ஓரிடத்தே உண்டாயின், குறிவைத்துச் சுட்டு, புண்பட்ட விலங்கை அப்படியே விட்டு அகன்றவனிடத்தேயாம்.

‘புலியாற் கொல்லப்பட்ட மானும் மிதியுண்ட புழுவும் தத்தம் வினையை நுகர்ந்தன; ஆகவே யாம் ஒன்றை மிதித்தாலும் அஃது அதன் வினையே’ என்று கூறுவாரும் சைவருள் உளர். இது மிகவும் அஞ்சத்தக்க கூற்று. வினையை அறிந்து அளந்து ஊட்டுவோன் இறைவன். அத்தொழில் அவனுக்கே உரியது. பிறிதோர் உயிர்க்கு அதன் வினையை ஊட்டுமாறு நம்மை யாரும் ஏவியதில்லை. நமக்கு ஏவப்பட்டது அருள். புலி மானைக் கொல்லும்போது அதற்கு இரங்கும் அறிவு திறந்திலது. நாம் புழுவை மிதிக்கும்போது அவ்வறிவு நமக்குத் திறந்திருக்கின்றது. திறந்த அறிவை மூடிக்கொண்டு செய்வதே ஆகாமியமாய் ஏறி, நம் பின்னே வரும். மானிடப் பிறவி பெறுதற்கரியது எனச் சிவஞான சித்தியார் வற்புறுத்துவதும் இதுபற்றியே; அப்பிறவியின் அருமை பிற உயிர்களினும் நாம் பெரியோம் என்று செருக்குதற்கன்று.

திருவள்ளுவர் இவ்விரண்டு உயிர்களையும் உவமையாக எடுத்தாண்ட இடங்கள் ஈண்டு நோக்கத்தக்கன. அன்புடைமை என்னும் அதிகாரத்தில், எலும்பில்லாப் புழுவை வெயில் வருத்துமாறு அன்பில்லாரை அறம் வருத்தும் என்றார். கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில், மனத்தை அடக்கமாட்டாதான் மேற்கொண்ட தவவேடத்துக்குப் புலித்தோல் போர்த்துப் பயிர்மேயும் பசுவை உவமை கூறினார். முன்னதில் புழு குற்றமுடையதாகச் சொல்லப்பட்டதோ? இல்லை, வெயிலுக்கு ஆற்றாமை அதன் உடம்பின் இயல்பு. எலும்பிருந்தும் அன்பில்லாத மனிதனே அங்குக் குற்றவாளி. பின்னதிலும் புலிக்கு யாதொரு பழியும் இல்லை. தன்னுடையதல்லாத தோலைப் போர்த்துத் திரிபவனே பழியுடையான். இரண்டிடத்தும் உயிரினத்தின் பெயரைச் சொல்லி நம்மையே சுட்டினார் நாயனார். அவ்வாறாக, நாமோ அவற்றின் பெயரைச் சொல்லி ஒருவரை ஒருவர் உயர்த்தவும் தாழ்த்தவும் செய்கின்றோம்.

இனி நம் சமயத்தார் இவ்விரண்டையும் எவ்விடத்து வைத்துப் போற்றினர் என்பதனைக் காண்பாம். தில்லைக்குப் பெரும்பற்றப்புலியூர் என்பது பெயர். புலிக்கால் முனிவர் வழிபட்டமையின் அப்பெயர் பெற்றது. அவர் புலியின் காலும் கையும் கண்ணும் வேண்டிப் பெற்றது எதற்கு? பொழுது புலர்ந்தால் வண்டு தீண்டிவிடும். தீண்டுமுன் மலர்பறிக்க வேண்டும். இருளில் மரமேறுங்கால் வழுக்காத நகமும் வழிதெரியும் கண்ணும் வேண்டும் என்பதற்காக. மான் தொடையைக் கிழிக்கும் அந்நகம் அவரிடத்து மலர்பறிக்கும் கருவியாயிற்று. நகத்தில் தீமையில்லை என்பதற்கும், கருவி எதனைச் சார்ந்து தொழிற்படுகின்றதோ அதன் வண்ணமாகும் என்பதற்கும் இதனினும் சிறந்த சான்று வேண்டா. தாருகாவனத்து முனிவர் சினந்து வேள்வியினின்று விடுத்த புலியின் தோலும் இறைவன் அரைக்கு உடையாயிற்று. பகைமைக் கருவியாய் வந்ததும் அவனைச் சார்ந்தபின் அணியாயிற்று.

புலிக்கு இவ்வளவு பெருமை கூறினீர், புழுவுக்கு என் கூறுவீர் எனின், அதனினும் பெரிதொன்று கூறுவாம். கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரும் புலிக்கால் முனிவர் வழிபட்ட தலமே. சமணர் சொற்கேட்ட பல்லவன் ஆணையாற் கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பட்ட நாவுக்கரசர் பெருமான், அக்கல்லே தெப்பமாகக் கரையேறியது அவ்வூரின் பாங்கரில். உயிர்பிழைத்து வந்த அவர், பகைவர்மேல் வெற்றியைக் கேட்டிலர். இனிப் பிறவாமையையும் முதற்கண் வேண்டிலர். அத்தலத்து அருளிய திருவிருத்தத்தில், புழுவாகப் பிறப்பினும் இறைவன் திருவடி தம் மனத்தினின்று வழுவாதிருக்கும் வரமே வேண்டினார். புலியின் பெயரால் வழங்கும் ஊரில் நின்றுகொண்டு, ‘புலியாய்ப் பிறந்தாலும்’ என்னாது புழுவை எடுத்தோதியது கருதத்தக்கது. அவர்க்குப் பிறவி எதுவாயினும் ஒன்றே. அச்சம் மறதி ஒன்றிற்கே. மறவாத புழு, மறந்த தேவனினும் மேலானது என்பது அவ்வேண்டுகோளிற் பெறப்படும் பொருள்.

ஈண்டு ஒரு தடை எழும். புழுவுக்கு மனமில்லையென மேலே பகுத்துக் கூறினீர். மனமில்லாத புழு மனத்தில் திருவடியை வைத்தல் எங்ஙனம்? என்பது அது. விடை வருமாறு: அறியும் ஆற்றல் உயிருக்கே உரியது, கருவிகள் அதனை விளக்குவன மாத்திரையே. கருவி வழியாக இறைவன் அறிவிப்பதும் உண்டு. கருவியின்றி உயிருக்கு உயிராய் உள்நின்று அறிவிப்பதும் அவனுக்கு அரிதன்று. திருவானைக்காவில் சிலந்தியும், திருவெறும்பியூரில் எறும்பும் வழிபட்டுப் பேறுபெற்ற வரலாறுகள் இதனையே வலியுறுத்துவன. ஆகலின் அப்பர் வேண்டியது தம் முயற்சியாற் கூடுவதன்று என்பதனை அறிந்தே, ‘வரம்’ என அதனை அவன்பால் வைத்தனர். நம் மனத்தின் நிறைவை நம்பி நாம் செருக்குறுதலும், அதன் குறைவு பற்றிப் பிற உயிரை இகழ்தலும் ஒருங்கே ஒழிதற்கு இஃதொன்றே போதும்.

இவ்வாராய்ச்சியாற் செயத்தக்கது யாது? உழவன் ஏர்பூட்டினால் நாங்கூழ் அறுபடும். நெல்லும் அதனாலேயே விளையும். இல்லத்தில் அடுப்பும் அம்மியும் உரலும் துடைப்பமும் நீர்க்குடமும் சிற்றுயிர்கள் மடிதற்கு இடமாவன என்று கண்டே, அவற்றால் வருங் குற்றந் தீர ஐவகை வேள்விகளை இல்வாழ்வானுக்கு அறநூல்கள் விதித்தன. தவிர்க்கவியலாத தீங்கைத் தீங்கன்று என அவை சாதித்தில. தீங்கென்று ஒப்பி, அதற்கு ஈடாக நாடோறும் பிறர்க்கு உதவுக என்றன. இதுவே நாம் கொள்ளத்தக்க நெறி. தவிர்க்கக்கூடியதைத் தவிர்த்தலும், தவிர்க்கவியலாததற்கு இரங்கி அறஞ்செய்தலும் சைவர்க்குக் கடன்.

புலியைக் குறித்து நம் நாட்டார் சிறிது விழிப்படைந்தனர். 1972-ஆம் ஆண்டில் எடுத்த கணக்கில் இந்தியாவிற் புலிகள் ஏறக்குறைய 1,800 அளவாகக் குறைந்திருந்தமை தெரிந்து, அவ்வாண்டிலேயே காட்டுயிர்களைக் காக்கும் சட்டமும், 1973-இல் புலிகளைக் காக்கும் திட்டமும் ஏற்படுத்தினர். 2022-ஆம் ஆண்டின் கணக்கு 3,682 என மதித்தது. இது நற்செயலே. ஆயினும் அழகும் வீறும் உடைத்தென்று புலியைக் காத்தல் அருளின் தொடக்கமேயன்றி முடிவன்று. அழகில்லாததையும், யாரும் எண்ணிப்பாராததையும், மழைநாளில் வாயிற்படியருகே நெளிந்து வந்து வெயிலேறியவுடன் திரும்ப வழியறியாது துடிப்பதையும் நோக்கி நெஞ்சு இளகுமாயின், அப்போதே அஃது அருளெனப்படும். இவ்விரண்டும் தம்முள் தொடர்பற்றனவுமல்ல. நாங்கூழ் பதப்படுத்திய மண்ணிற் புல் வளர்கின்றது. புல்லை மான் மேய்கின்றது. மானைப் புலி உண்கின்றது. புலி மாய்ந்தால் அதன் உடம்பு புழுக்களுக்கு உணவாகி மீளவும் மண்ணாகின்றது. உடம்பளவிற் புலி உயர்ந்ததென்ற வழக்கு அங்கே முடிந்துவிடுகின்றது. உயிரளவில் அவ்வழக்கு தொடங்கியதே இல்லை.

ஆதலின் ஒருவனைப் புலியென்று புகழுமுன்னும் புழுவென்று இகழுமுன்னும் சைவர் சற்று நாவடக்குதல் நன்று. புழு என்று நாம் இகழ்ந்த பிறவியையே, எது வந்தாலும் வருக என்று ஏற்கத் துணிந்து நின்றவர் நம் சமயாசாரியர். அவர் துணிவு நமக்கு வாராதொழியினும், அவர் வெறாததை நாம் வெறாதிருத்தலேனும் கூடுமன்றோ?

திருச்சிற்றம்பலம்.